நியாண்டர்தால்கள் மொத்தம் எத்தனை பேர்?

சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியில் சாகிர்ஸ்காயா, ஒக்லாட்னிகோவ் என்று இரண்டு குகைகள். அவற்றில் கிடைத்த எலும்பு, பல் துணுக்குகளிலிருந்து 13 நியாண்டர்தால்களின் டிஎன்ஏ-வைப் பிரித்தெடுத்து, 2022-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். சாகிர்ஸ்காயாவில் ஓர் அப்பாவும் அவருடைய பதின்வயது மகளும் அடையாளம் காணப்பட்டார்கள். 50 ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் அப்பனும் மகளும்! தந்தைவழியில் வரும் ஒய் குரோமோசோமில் வேறுபாடு மிகக் குறைவு. தாய்வழியில் வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ-வில் அதிகம். ஆக, ஆண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்க, பெண்கள்தான் வாழ்க்கைப்பட்டு வந்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்தது 10 முதல் 20 பேர் என்கிறது கணக்கு.

ஒரு குகைக்கு இது சரி. அட்லாண்டிக் கரையிலிருந்து அல்தாய் வரை மொத்தம் எத்தனை பேர்? எலும்புகளை எண்ணிப் பயனில்லை. மூன்று லட்சம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த இனத்தில் நமக்குக் கிடைத்திருப்பது சில நூறு பேரின் மிச்சம்தான்.

அதனால் டிஎன்ஏ-விடமே கேட்கிறார்கள். ஒருவரின் உடலில் அம்மா தந்த பிரதி ஒன்று, அப்பா தந்த பிரதி ஒன்று. நியாண்டர்தாலிடம் இந்த இரண்டும் 10,000 எழுத்துகளுக்கு இரண்டு இடங்களில்கூட வேறுபடவில்லை. கூட்டம் சிறியதாக இருந்தால் சில வம்சங்கள் தற்செயலாகவே அற்றுப்போகும், வேறுபாடும் அவற்றோடு போய்விடும். இந்தத் தர்க்கத்தில் 2009-இல் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ-வை வைத்துச் செய்த மதிப்பீடு, பிள்ளை பெற்ற பெண்கள் 3,500-க்கும் குறைவு என்றது.

செய்திகளில் இந்த எண் மொத்த மக்கள்தொகை போலவே உலவுகிறது. அது தவறு. கோயில் வரிக்குத் தலைக்கட்டு எண்ணுகிறவர் குழந்தைகளைச் சேர்ப்பதில்லை. இந்தக் கணக்கும் அப்படித்தான், அடுத்த தலைமுறைக்கு மரபணு தந்தவர்களை மட்டுமே பிடிக்கிறது. போதாக்குறைக்கு, பல ஆயிரம் ஆண்டுகளின் சராசரியில் பஞ்ச காலத்துச் சிறிய எண்களே ஓங்கி நிற்கும். குகைகளில் நடமாடிய தலைகள் இதைவிடப் பல மடங்கு இருந்திருக்கலாம்.

2017-இல் மரபியல் ஆய்வாளர் ஆலன் ரோஜர்ஸின் குழு இன்னொரு கேள்வியைக் கிளப்பியது. மக்கள் தனித்தனித் தீவுகளாகப் பிரிந்து கிடந்தால், ஒரே ஒருவரின் டிஎன்ஏ அவருடைய சிறு வட்டத்தை மட்டுமே காட்டும். மொத்தத்தில் பல்லாயிரம் பேர் இருந்திருக்கலாம் என்றது. அதே ஆண்டிலேயே மறுப்பும் வந்தது. 2024-இல் வெளியான ஆய்வோ எண்ணை இன்னும் இறக்கியது. நம் மூதாதையரிடமிருந்து கலந்த மரபணுக்கள் நியாண்டர்தால்களின் வேறுபாட்டை மிகைப்படுத்திக் காட்டியிருக்கின்றன, அதைக் கழித்தால் மக்கள்தொகை மதிப்பீடு சுமார் 20 சதவீதம் குறையும் என்பது அதன் முடிவு.

எனக்கு மொத்த எண்ணைவிடச் சிதறல்தான் முக்கியமாகப் படுகிறது. பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கில் மான்ட்ரின் குகையில் கிடைத்த 'தோரின்' என்ற நியாண்டர்தாலின் வம்சம், சுமார் 50 ஆயிரம் ஆண்டுகள் மற்ற நியாண்டர்தால்களோடு கலக்காமலே இருந்திருக்கிறது. இப்படிச் சிதறிக் கிடந்தவர்கள் அழிய வெளிப்பகை தேவையா? 2019-இல் டச்சு ஆய்வாளர்கள் கணினியில் பாவனை செய்து பார்த்தார்கள். நெருங்கிய உறவில் பிள்ளை பெறுவது, துணை கிடைக்காமை, பிறப்பு இறப்பில் தற்செயலான ஏற்ற இறக்கம், இவை மூன்றும் சேர்ந்தாலே 10 ஆயிரம் ஆண்டுகளுக்குள் அந்த இனம் அற்றுப்போக முடியும் என்று கண்டார்கள். நாம் அங்கே போய்ச் சேராமலே.