உங்கள் செம்பனை நிலத்தில் ஊரார் குப்பையா? முதல் வாரம்தான் முக்கியம்

பந்திங், தெலுக் இந்தான், சுங்கை சிப்புட் வட்டாரங்களில் அப்பா காலத்தில் பாடுபட்டு வாங்கிய இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் நிலம் நம்மில் பலருக்கு உண்டு. பிள்ளைகளோ கிள்ளான், ஷா ஆலம், ஜொகூர் பாரு என்று பட்டணத்தில் குடியேறிவிட்டார்கள். குலை வெட்ட ஆளை விட்டுவிட்டு மாதத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்பதோடு சரி. அப்படிப் போகும் ஒரு நாளில், பாதையோரம் பத்து லோரி அளவுக்கு உடைந்த ஓடு, சிமெண்டுக் கட்டி, பழைய மெத்தை, டயர் எல்லாம் குவிந்து கிடந்தால் என்ன செய்வது?

பலர் திட்டித் தீர்த்துவிட்டு வீடு திரும்பிவிடுகிறார்கள். அடுத்த மாதம் போனால் குவியல் இரண்டு மடங்காகியிருக்கும். யாரும் கேட்காத இடம் என்று லோரிக்காரர்களுக்குள் பேச்சுப் பரவிவிட்டது என்று அர்த்தம். முறையான குப்பை நிலையத்துக்குப் போனால் எடை போட்டுக் கட்டணம் வாங்குவார்கள். ஆளில்லாத செம்பனைக் காட்டில் கொட்டினால் கட்டணமும் மிச்சம், டீசலும் மிச்சம்.

இதில் உரிமையாளர்கள் அறியாத விஷயம் ஒன்று இருக்கிறது. சாலையோரத்துக் குப்பையை நகராண்மைக் கழகம் அள்ளும். சொந்த நிலத்துக்குள் கிடப்பதை அள்ளுவது பொதுவாக உரிமையாளரின் பொறுப்பு என்றுதான் சொல்வார்கள். கொட்டியவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், நில உரிமையாளருக்கே நோட்டீஸ் அனுப்ப 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம் இடம் தருகிறது. நில அலுவலகமும் வரலாம். கெரானில் விவசாய நிலம் என்று இருந்து, அங்கே குப்பைக் கிடங்கு நடப்பதாகத் தெரிந்தால் அது நில நிபந்தனையை மீறியதாகும். அதற்கு அபராதம் உண்டு. சரி செய்யாமல் விட்டால் நிலத்தையே அரசாங்கம் எடுத்துக்கொள்ளவும் தேசிய நிலச் சட்டத்தில் வழி இருக்கிறது. டயருக்குள் தேங்கிய நீரில் ஏடிஸ் கொசுப் புழு கிடைத்தால் சுகாதார அதிகாரிகளின் 500 ரிங்கிட் அபராதமும் உங்கள் பெயருக்கே வரும்.

கொட்டியது யாரோ, பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அதனால்தான் முதல் வாரம் முக்கியம். ‘இது என் சம்மதத்தோடு நடக்கவில்லை, தெரிந்த அன்றே புகார் செய்தேன்’ என்று காட்ட உங்கள் கையில் காகிதம் இருக்க வேண்டும்.

முதலில் படம் எடுங்கள். தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் சில, டயர் தடம் பதிந்த பாதை ஒன்று. கைப்பேசியில் தேதியும் இடமும் பதிவாகும்படி வைத்துக்கொள்ளுங்கள். குவியலின் மேலாகக் கிடக்கும் அட்டைப்பெட்டி, பில், கூரியர் உறைகளில் கடைப் பெயரோ வீட்டு முகவரியோ இருந்தால் அதையும் படம் எடுங்கள். வீட்டைப் புதுப்பித்தவர்களின் கழிவு என்றால், பெரும்பாலும் இப்படி ஒரு துண்டுக் காகிதம்தான் ஆளைக் காட்டிக் கொடுக்கும். பெயர் தெரியாத டிரம், நெடி அடிக்கும் திரவம் இருந்தால் தொடாதீர்கள், பக்கத்தில்கூடப் போகாதீர்கள். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங், சுங்கை கிம் கிம்மில் இரசாயனக் கழிவைக் கொட்டியதால் 100க்கும் மேற்பட்ட பள்ளிகளை மூட வேண்டி வந்ததே, மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதிரிப் பொருளென்றால் உடனே சுற்றுச்சூழல் துறைக்குத் தகவல் கொடுங்கள்.

அன்றைக்கே போலீஸ் புகார். அத்துமீறி நுழைந்ததாகவும் நிலத்துக்குச் சேதம் விளைவித்ததாகவும் சொல்லுங்கள். லோட் எண்ணைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். பிறகு, புகாரின் நகலோடும் படங்களோடும் ஊராட்சி மன்ற அமலாக்கப் பிரிவுக்கும் மாவட்ட நில அலுவலகத்துக்கும் ஆளுக்கொரு கடிதம். நேரில் போய்க் கொடுத்து, உங்கள் நகலில் ‘சாப்பு’ குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டு வந்தால் ஆறு மாதம் கழித்து அது யாருக்கும் நினைவிருக்காது.

ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ், கோலாலம்பூர், புத்ராஜெயாவில் 2007ஆம் ஆண்டு திடக்கழிவுச் சட்டம் நடப்பில் இருப்பதால், அங்கே எஸ்டபிள்யூ கார்ப்பிடமும் புகார் செய்யலாம். சட்டவிரோதமாகக் கொட்டுவோருக்கு 10,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. சிலாங்கூர், பேராக், பினாங்கில் ஊராட்சி மன்றத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

கோபத்தில் சிலர் நெருப்பு வைத்துவிடுகிறார்கள். திறந்தவெளியில் எரிப்பது தனிக் குற்றம்; இப்போது குற்றவாளி நீங்களாகிவிடுவீர்கள். லோரியை மறித்துச் சண்டை போடுவதும் வேண்டாம். இரவில் வரும் ஆட்கள் தனியாக வருவதில்லை. பிளேட் எண்ணை எழுதிக்கொண்டு விலகி நில்லுங்கள். அந்த எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிட்டால், அள்ளிய செலவு 5,000 ரிங்கிட்டுக்குள் இருக்கும் பட்சத்தில், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு வழக்குப் பிரிவில் வக்கீல் இல்லாமலே நீங்கள் வழக்குப் போடலாம்.

அள்ளுவதற்கு ஆள் பிடிக்கும்போதும் கவனம் தேவை. மலிவாக வருகிறாரே என்று யாரையோ விட்டால், அவர் அதைக் கொண்டுபோய் இன்னொருவர் நிலத்தில் கொட்டுவார். குப்பை நிலையத்தின் எடைச் சீட்டைக் காட்டினால்தான் மீதிப் பணம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். அள்ளி முடித்ததும் பாதையின் வாயில் குறுக்கே கால்வாய் வெட்டுங்கள், அல்லது சங்கிலிக் கதவு போடுங்கள். பெயர்ப்பலகை மட்டும் லோரியை நிறுத்தாது. குலை வெட்டுபவரிடமும் பக்கத்து நிலத்துக்காரரிடமும் உங்கள் எண் இருக்கட்டும்.

‘அண்ணே, உங்கள் நிலம் பள்ளமாக இருக்கிறது, இலவசமாக மண் கொட்டி மேடாக்கித் தருகிறோம்’ என்று யாராவது வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மேலே ஒரு சாண் மண்ணும் அடியில் கட்டட இடிபாடுமாக முடியும். மண் கொட்டி மேடாக்கவே ஊராட்சி மன்ற அனுமதி வேண்டும். சம்மதம் தந்தவர் என்ற முறையில் அதற்கும் உங்களைத்தான் கேட்பார்கள்.

கடைசியாக, நம்மிடையே அதிகம் காணும் சிக்கல்: அப்பா காலமாகிப் பத்து வருடமாகியும் கெரான் இன்னும் அவர் பெயரிலேயே இருப்பது. நில அலுவலகத்தின் நோட்டீஸ் எப்போதோ காலி செய்த தோட்ட லயன் வீட்டு முகவரிக்குப் போகும். பதில் சொல்லவும் வழக்குப் போடவும் யாருக்கு அதிகாரம் என்பதில் அண்ணன் தம்பிக்குள் இழுபறி. உயில் இல்லாத சிறு சொத்துகளை மாவட்ட நில அலுவலகத்திலேயே வாரிசுகள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்றிதழ், கெரான், வாரிசுகளின் அடையாள அட்டை நகல்கள், பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள் ஆகியவற்றைத் திரட்டிக்கொண்டு போங்கள். பெயர் மாற்றம் முடியும்வரை, நிலவரி பில் வரும் முகவரியையாவது இப்போது குடியிருக்கும் வீட்டுக்கு மாற்றிவிடுங்கள்.