நாள்தோறும் நன்றி: ஏலமலைச் சரிவிலிருந்து ஒரு சிந்தனை

நன்றி செலுத்துதல் கிறிஸ்தவ விசுவாசத்தின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்று என நாம் போதிக்கிறோம். ஆயினும் நம் சபைகள் பலவற்றில் அது ஆண்டிற்கொருமுறை வரும் அறுப்பின் பண்டிகையோடு நின்றுவிடுகிறது. அது அன்றாடப் பழக்கமாக உருப்பெறுவது எங்ஙனம் என்பதைப் போடிநாயக்கனூரையும் அதற்கு மேலுள்ள ஏலமலைச் சரிவுகளையும் மனத்திற்கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

நெல்லைப்போல் ஏலக்காய் ஒரே முறையில் அறுவடை செய்யப்படுவதன்று. செடியின் அடியில் தோன்றித் தரையை ஒட்டிப் படரும் சரங்களில் காய்கள் ஒருங்கே முற்றுவதில்லை. ஆகவே பருவகாலத்தில் ஏறக்குறைய 30 முதல் 45 நாட்களுக்கு ஒருமுறை, முற்றிய காய்களை மட்டும் தேர்ந்து, குனிந்து எடுத்தல் வேண்டும். இவ்வேலைக்காகப் போடியிலிருந்தும் சுற்றுச் சிற்றூர்களிலிருந்தும் பெண்கள் விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறி, போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். நன்றியும் இத்தகையதே. ஆண்டு முழுவதற்கும் உரியதை ஒரே நாளில் அறுத்துவிட இயலாது. முற்றியதை அவ்வப்போது குனிந்து எடுக்க வேண்டும்.

உண்டு நிறைவடையும்போது ஆண்டவரைப் போற்றுமாறு உபாகமம் 8:10 பணிக்கிறது. நிறைவே மறதிக்கு வழியாகும் என அவ்வதிகாரம் தொடர்ந்து எச்சரிக்கிறது. எனவே நன்றி வெறும் உணர்ச்சியன்று. மறதிக்கு எதிரான பயிற்சி. நம் சபைப் பெண்கள் இதனை அறிந்திருந்தனர். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்துக் காணிக்கையாகப் படைத்தனர். அப்பிடியரிசியின் சிறப்பு அதன் அளவில் இல்லை. பசி தீருமுன்னரே கை நன்றி செலுத்தக் கற்றுக்கொண்டது என்பதிலேயே இருக்கிறது.

ஆயினும் ஒரு வினா எழுகிறது. 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலுள்ள குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு ஆகஸ்டில் பெருமழையும் நிலச்சரிவும் இடுக்கித் தோட்டங்களைச் சிதைத்தன. இத்தகைய காலத்தில் வேலையிழந்து நிற்கும் ஒரு குடும்பத்திடம் நன்றி செலுத்துமாறு ஆயர் எவ்வாறு கூறுவார்?

1 தெசலோனிக்கேயர் 5:18-இல் பவுல் எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி செலுத்தச் சொல்லுகிறார். தீமையை நன்மை என்று அழைக்கச் சொல்லவில்லை. எபேசியர் 5:20 இன்னும் விரிவாகப் பேசினும், அதே அதிகாரம் இருளின் செயல்களைக் கடிந்துகொள்ளவும் பணிக்கிறது. காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் நம் ஆண்டவர் அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தினார். அதனால் துரோகம் நன்மையாகிவிடவில்லை. அவரது நன்றியைத் தடுக்கத் துரோகத்தால் இயலவுமில்லை.

ஆகவே நன்றியைப் போதிப்போர் நீதியை மறத்தல் ஆகாது. முதற்கனியைப் படைப்பவன் லேவியனோடும் அந்நியனோடும் சேர்ந்து மகிழ வேண்டும் என்கிறது உபாகமம் 26. பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு. காய் எடுத்தவளின் கூலியைக் குறைத்துவிட்டுப் படைக்கப்படும் காணிக்கை திருப்பீடத்தை எட்டுமோ?

மூன்று பழக்கங்களை நம் சபைகளில் வளர்க்கலாம். முதலாவது, காலையில் ஜீப்புக்குக் காத்திருக்கும் வேளையில் ஒரே வாக்கியத்தில் நன்றி கூறுதல். இரண்டாவது, பிடியரிசியை மீண்டும் தொடங்கி, வேலையற்ற வீட்டிற்கு அதனைச் சேர்ப்பித்தல். மூன்றாவது, மாலைக் குடும்ப ஜெபத்தில் அன்றைய நன்மை ஒன்றையும் துயரம் ஒன்றையும் பெயர் சொல்லி ஆண்டவர்முன் வைத்தல். "சகல நன்மைகளுக்காகவும்" எனப் பொதுவாகக் கூறுதல் எளிது. ஒன்றைக் குறிப்பிட்டுக் கூறுவதற்கே கவனித்த கண் வேண்டும்.

இப்பயிற்சி முதலில் ஆயர்களாகிய நம்மிடம் தொடங்கட்டும். பிறர் நன்றி செலுத்த ஓயாது வழிநடத்தும் நாம், நமக்கென்று இன்று எதனைக் குனிந்து எடுத்தோம்?