கிளைஸ்தெனீஸ் என்னும் பெயர்

பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுதல் தமிழர் வழக்கம். ‘பெயரன்’ என்னும் சொல்லே அதற்குச் சான்று. பண்டைக் கிரேக்கரிடமும் இவ்வழக்கம் இருந்தது. ஏதென்ஸ் நகரத்து அரசியல் அறிஞர் கிளைஸ்தெனீஸ் தம் தாயின் தந்தை பெயரைத் தாங்கியவர். அப்பாட்டனோ சிகியோன் நகரில் தனியாட்சி செலுத்தியவர். கொடுங்கோலரின் வரிசையில் வைத்து எண்ணப்படும் ஒருவரின் பெயர், மக்களாட்சிக்கு வித்திட்டவரின் பெயராயிற்று.

அதுவரை ஏதென்ஸ் குடிமக்கள் பிறப்பு வழியே நான்கு குலங்களாக இருந்தனர். கி.மு. 508-ஆம் ஆண்டையொட்டிக் கிளைஸ்தெனீஸ் பத்துப் புதிய குலங்களை வகுத்தார். ஒவ்வொன்றிலும் நகரத்தார், கடற்கரையார், உள்நாட்டார் ஆகிய மூவரும் கலந்திருந்தனர். பெருங்குடும்பங்களின் வட்டாரச் செல்வாக்கு இதனால் தளர்ந்தது. இவ்வமைப்பின் அடிப்படை ‘தேமோஸ்’ எனப்பட்ட ஊர். ஊரின் அளவுக்கேற்ப ஐந்நூற்றுவர் அவைக்கு உறுப்பினர் சென்றனர்.

தந்தை பெயருக்கு மாறாக ஊர்ப்பெயராலேயே ஒருவரை அழைக்கும் வழக்கத்தையும் அவர் கொணர்ந்தார். தந்தை பெயர் புதுக் குடிமக்களைக் காட்டிக் கொடுத்துவிடும் என்பதே காரணம் என்று, அரிஸ்டாட்டில் பெயரால் வழங்கும் ‘ஏதென்ஸ் அரசியலமைப்பு’ கூறுகின்றது. எனினும் பெண்டிருக்கும் அடிமைகளுக்கும் அரசியல் உரிமை இல்லை என்பதை மறத்தல் ஆகாது.

இவர் பெயர் அண்மையில் மீண்டும் எழுந்தது. 2018-இல் கிரேக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய உள்ளாட்சிச் சட்டத்துக்குக் ‘கிளைஸ்தெனீஸ் 1’ என்று பெயரிட்டனர். முன்பு வென்ற அணிக்கே மன்ற இடங்களில் ஐந்தில் மூன்று பங்கு கிடைத்தது. புதிய சட்டமோ வாக்கு விகிதப்படி இடங்களைப் பங்கிட்டது. 2019 தேர்தல் அம்முறையில் நடந்தது. நகரத் தலைவராக வென்றும் மன்றத்தில் பெரும்பான்மை பெறாதோர் பலராயினர். சிறிய அணிகளின் குரலும் கேட்கும் என்றனர் ஒரு சாரார். நிர்வாகம் முடங்கும் என்றனர் மறு சாரார். 2021-இல் வந்த வேறொரு சட்டம், வென்ற அணிக்கு ஐந்தில் மூன்று பங்கு தரும் முறையை மீட்டது. 2023 தேர்தல் அதன்படி நடந்தது.

பெரியார் பெயரைச் சூட்டுவது எளிது. அப்பெயர் சட்டத்துக்கு ஆயுள் தருவதில்லை. விகித முறை ஒரே தேர்தலுடன் நின்றது. ஆனால் கிளைஸ்தெனீஸ் ஆட்சிக்கு அடிப்படையாக்கிய ‘தேமோஸ்’ என்னும் சொல், ‘தீமோஸ்’ என ஒலி திரிந்து, இன்றும் கிரேக்க நாட்டில் நகராட்சியைக் குறிக்கின்றது. தம் பெயரைக் காட்டிலும் ஊரின் பெயரை உயர்த்திய அவருக்கு இதுவே தக்க நினைவுச் சின்னம்.