எண்டோசல்ஃபான்: யார் பொறுப்பு என்று சொல்ல ஏன் ஓர் அமைப்பு இல்லை?

சிரியாவின் டூமா நகரில் 2018 ஏப்ரல் 7 அன்று ஹெலிகாப்டரிலிருந்து போடப்பட்ட குளோரின் சிலிண்டர்களால் 43 பேர் இறந்தார்கள். போட்டது சிரிய விமானப்படைதான் என நம்ப நியாயமான ஆதாரம் இருப்பதாக, ரசாயன ஆயுதத் தடை அமைப்பு 2023 ஜனவரியில் அறிவித்தது.

கேரளத்தின் காசர்கோட்டிலும் ஹெலிகாப்டரிலிருந்துதான் விஷம் தெளித்தார்கள். முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்ஃபான், 2000 வரை, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக. அப்போ இதை ஏன் அந்த அமைப்பு விசாரிக்கவில்லை?

நோக்கம்தான் கணக்கு

1997-ல் அமலுக்கு வந்த ரசாயன ஆயுத உடன்படிக்கை, பொருளை எதற்காகப் பயன்படுத்தினார்கள் என்று பார்க்கிறது. குளோரினைக் குடிநீர்த் தொட்டியில் கலந்தால் சுத்திகரிப்பு. ஊர் மேல் போட்டால் ஆயுதம். விவசாயத்துக்கு அடித்த மருந்து ஆயுதக் கணக்கில் வராது.

பூச்சிமருந்துக்கு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை இருக்கிறது. 2011 ஏப்ரலில் எண்டோசல்ஃபானை ஒழிக்க வேண்டிய பட்டியலில் அது சேர்த்தது. ஆனால் பாதிப்புக்கு யார் காரணம் என்று விசாரிப்பது அதன் வேலை இல்லை.

எல்லையில் என்ன சிக்கல்?

கேரளத்தில் 2005-லேயே தடை வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2011 வரை கடையில் வாங்க முடிந்தது. பாலக்காட்டின் முதலமடை மாந்தோப்புகளுக்கும் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கும் இங்கிருந்து எண்டோசல்ஃபான் கடத்தப்படுவதாகப் புகார்கள் எழுந்தன. தேனி மாவட்டத்திலிருந்து தினமும் ஜீப்பில் போய் ஏலத்தோட்டங்களில் வேலை பார்ப்பவர்கள் தமிழர்கள். மருந்து பில் இல்லாமல் எல்லை தாண்டினால், விற்றது யார், அடிக்கச் சொன்னது யார் என்பதற்குத் தடயமே மிஞ்சாது.

யார் பணம் கொடுப்பது?

2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தடை விதித்தது. பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் கேரள அரசு 3 மாதத்தில் 5 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2017 ஜனவரியில் உத்தரவிட்டது. அந்தப் பணத்தை மருந்து நிறுவனங்களிடமோ மத்திய அரசிடமோ கேட்டு வாங்கவும் வழிவிட்டது. 2022 மே மாதம் கணக்குப் பார்த்தபோது, 3,704 பேரில் 8 பேருக்குத்தான் பணம் போயிருந்தது.

ரசாயன ஆயுதத் தடை அமைப்புக்கும் முதலில் 'யார்' என்று சொல்லும் அதிகாரம் இல்லை. 2018 ஜூனில் 82 நாடுகள் ஆதரித்து வாக்களித்த பிறகுதான் கிடைத்தது. பூச்சிமருந்து விஷயத்தில் அப்படி ஒரு வாக்கெடுப்பு நடக்கவில்லை. அதுவரை ஆதாரம் நம் கையில்தான். உங்கள் சொந்தபந்தத்தில் யாராவது தோட்டத்தில் மருந்து அடித்தால், டப்பா லேபிளையும் தேதியையும் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.