சுண்டெலியும் கியாஸும்: ஹன்டிங்டன் நோய் ஆய்வு உணர்த்தும் பாடம்

பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வீடும் நிலமும் சேர்வது போலவே சில நோய்களும் வந்து சேர்கின்றன. அவற்றுள் கொடியது ஹன்டிங்டன் நோய். பெரும்பாலும் 30 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையில் அது தலைகாட்டுகிறது. முதலில் விரல்களிலும் முகத்திலும் சிறு துடிப்பு. பின்னர் கட்டுக்கடங்காத அசைவு, தள்ளாட்டம், கடுஞ்சினம், மறதி, மனச்சோர்வு. ஏறத்தாழ 15 முதல் 20 ஆண்டுகளில் உயிரைப் பறித்துவிடுகிறது. தள்ளாடுபவரைக் குடிகாரர் என்று ஊரார் ஏசுவதும், சூனியம் என எண்ணிக் குடும்பத்தார் தாயத்துத் தேடி அலைவதும் உண்டு.

அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் ஹன்டிங்டன் 1872-இல், தமது 22-ஆம் வயதில், இந்நோயைத் தெளிவாக விவரித்தார். அதன் மரபணு கண்டறியப்பட்டது 1993-இல்தான். நான்காம் குரோமோசோமில் உள்ள அம்மரபணுவில் சி, ஏ, ஜி என்னும் மூன்றெழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. 26 முறை வரை வந்தால் அது இயல்பு. 36 முதல் 39 வரையாயின் நோய் வரலாம், வராமலும் போகலாம். 40-ஐ எட்டினால், இயல்பான ஆயுட்காலத்தை எட்டுபவருக்கு நோய் வருவது ஏறக்குறைய உறுதி. தாய், தந்தை இருவருள் ஒருவருக்கு இக்குறை இருந்தாலே போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்து சேரும் வாய்ப்பு சரிபாதி. நம் சமுதாயத்தில் பரம்பரை நோய் எதுவாயினும் உறவுமுறைத் திருமணத்தின் மீதே பழி சுமத்துகிறோம். இந்நோய்க்கு அது காரணமன்று.

மரபணு தெரிந்துவிட்டது; ஆனால் அது மூளையை எவ்வாறு அழிக்கிறது என்பது தெரியவில்லை. உயிருள்ள மனிதனின் மூளையைத் திறந்து பார்க்க இயலாது. இறந்தபின் பார்த்தால் எஞ்சியிருப்பது அழிவின் மிச்சமே. அழிவு தொடங்கிய விதத்தை அதில் காண்பதரிது. இந்த இடத்தில்தான் சுண்டெலி ஆய்வுக்கூடத்துக்குள் வருகிறது.

1996-இல் இலண்டனில் கில்லியன் பேட்ஸ் குழுவினர், நோயுள்ள மனித மரபணுவின் முதற்பகுதியைச் சுண்டெலியின் கருவுற்ற சினைமுட்டையில் நுண்ணிய கண்ணாடி ஊசியால் செலுத்தினர். அவ்வாறு உருவான எலி இனங்களுள் ஒன்று ‘ஆர் 6/2’. ஏறத்தாழ 150 தொடர்களைச் சுமக்கும் இவ்வெலிகள் சில வாரங்களிலேயே நடுங்கி மெலிந்து, மூன்று மாத அளவில் மடிந்தன. பின்னர் முழு மரபணுவையும் சுமக்கும் எலிகளும், எலியின் சொந்த மரபணுவிலேயே தொடர் நீட்டப்பட்ட எலிகளும் உருவாக்கப்பட்டன. இவற்றில் நோய் மெதுவாக முற்றுகிறது.

நம் மதரஸாக்களில் உஸூலுல் ஃபிக்ஹ் பயின்றோர்க்கு இம்முறை புதிதன்று. இதுவும் ஒரு கியாஸே. முடிவு தெரிந்த மூலம் ‘அஸ்ல்’. முடிவு தேடப்படும் கிளை ‘ஃபர்உ’. இரண்டையும் இணைக்கும் காரணம் ‘இல்லத்’. இங்கே எலி அஸ்ல், மனிதன் ஃபர்உ, நீண்டுபோன மரபணு இல்லத்.

இந்தக் கியாஸ் அளித்த பயன் பெரிது. 1997-இல் இவ்வெலிகளின் நரம்பணுக்களில் புரதக் கட்டிகள் காணப்பட்டன; அதே ஆண்டில் நோயாளிகளின் மூளையிலும் அவை இருப்பது உறுதியாயிற்று. 2000-இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மருந்து கொடுத்து மரபணுவை அணைக்கக்கூடிய எலியை உருவாக்கினர். நோய் தோன்றியபின் மரபணுவை அணைத்தபோது கட்டிகள் மறைந்தன; எலியின் அசைவுகளும் சீரடைந்தன. மீளவே வழியில்லை எனக் கருதப்பட்ட நோயில் மீட்சிக்கு இடமுண்டு என்பதற்கு அது முதற்சான்று. நம் நாட்டிலும் ஹரியானா மாநிலம் மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் நிகர் ரஞ்சன் ஜனா குழுவினர் 2014-இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். பழுதான புரதங்களை அகற்ற உதவும் ‘யூபிஇ3ஏ’ என்னும் புரதம் குறைந்தால், ஹன்டிங்டன் எலிகளின் நோய் விரைந்து முற்றி ஆயுள் குறைகிறது என்பதே அது.

ஆயினும் கியாஸின் வாயிலில் ஓர் எச்சரிக்கை உண்டு. மூலத்துக்கும் கிளைக்கும் இடையே முடிவையே மாற்றக்கூடிய வேறுபாடு இருந்தால் அது ‘கியாஸ் மஅல் ஃபாரிக்’, செல்லாது. பழனி மலையின் பூம்பாறைப் பகுதியில் விளையும் மலைப்பூண்டை எண்ணிப் பாருங்கள். அதன் தனித்தன்மைக்கு அம்மலையின் மண்ணும் குளிரும் காரணம் என்பதால் அது புவிசார் குறியீடு பெற்றுள்ளது. வித்து ஒன்றேயாயினும் நிலம் மாறினால் விளைவு மாறும். மரபணுவும் அத்தகையதே. எலியின் ஆயுள் ஏறத்தாழ இரண்டாண்டு. மனித மூளையிலோ இந்நோய் பல பத்தாண்டுகள் ஒளிந்திருக்கிறது. எலிக்கு 150 தொடர்கள். நோயாளிகள் பெரும்பாலோருக்கு 40 முதல் 50.

இவ்வேறுபாட்டின் விலையை நோயாளிகள் கண்டனர். 2000-இல் ஆர் 6/2 எலிகளின் ஆயுளை நீட்டிய கிரியேட்டின், 500-க்கும் மேற்பட்ட மனிதர்களிடம் சோதிக்கப்பட்டுப் பயனில்லை என 2014-இல் கைவிடப்பட்டது. மரபணுவின் செய்தியைத் தடுக்கும் மருந்து 2012-இல் எலிகளில் நற்பலன் காட்டியது. அவ்வகையைச் சேர்ந்த டோமினெர்சன் என்னும் மருந்தை நோயாளிகளுக்குச் செலுத்துவது 2021 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. எனினும் வழி அடைபடவில்லை. மூளைக்குள் ஒருமுறை மட்டும் செலுத்தப்படும் மரபணுச் சிகிச்சை ஒன்று, மூன்றாண்டுகளில் நோய் முற்றும் வேகத்தை 75 விழுக்காடு குறைத்ததாக 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. ஆனால் அக்கணக்குக்கு அடிப்படையானவர்கள் உயர் அளவு பெற்ற 12 பேர் மட்டுமே.

எலியின் துன்பத்தையும் மறத்தலாகாது. உயிருள்ள பிராணிகளை அம்புக்கு இலக்காக்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இந்தியாவின் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் 1998-ஆம் ஆண்டு விதிகளும் தேவையற்ற வேதனையைத் தடுத்து, ஆய்வுக்கு நெறிக்குழுவின் ஒப்புதலைக் கட்டாயமாக்குகின்றன. பழுதான கியாஸ் நோயாளியை ஏமாற்றுவதோடு, எலியின் உயிரையும் வீணாக்குகிறது.

எனவே, “எலிகளில் நோய் குணமாயிற்று” என்ற செய்தியைப் படிக்கும் குடும்பத்தார், நகையை விற்று அம்மருந்தைத் தேடிப் புறப்படுமுன் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்: எந்த எலியில்? மனிதரில் சோதிக்கப்பட்டதா? அதுவரை அவர்கள் செய்யத்தக்கவை உள்ளன. அசைவையும் மனச்சோர்வையும் தணிக்கும் மருந்துகள் இருக்கின்றன. பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்களில் மரபணுச் சோதனையும் ஆலோசனையும் கிடைக்கின்றன. சோதித்துக் கொள்வதும் கொள்ளாமலிருப்பதும் அவரவர் உரிமை. ஆனால் குடும்பத்தில் நோய் இருப்பது தெரிந்தும் நிகாஹ் பேசும்போது அதை மறைத்தால், ஏதுமறியாத ஒருவர் மீதும் பிறக்கப்போகும் பிள்ளைகள் மீதும் நாம் சுமையை ஏற்றுகிறோம்.