பனிச்சிறுத்தையின் பசி

கொடிய விலங்கென்று நாம் பெயரிட்டழைக்கும் ஒன்றின் கொடுமையை அளந்தறிய வேண்டுமாயின், முதலில் அதன் உணவை ஆராய்தல் வேண்டும்.

இமாசலப் பிரதேசத்தின் வடபால், மழை மறைவிலே கிடப்பது ஸ்பிதிப் பள்ளத்தாக்கு. அங்கே 4,000 மீற்றருக்கு மேற்பட்ட வறண்ட சரிவுகளிலே பனிச்சிறுத்தை உலவுகின்றது. அதனைக் கண்ணாற் கண்டோர் சிலரே. எனினும் அது யாதுண்டது என்பதை ஆராய்ச்சியாளர் அறிவர். பாறையோரங்களிற் கிடக்கும் அதன் எச்சத்தைத் திரட்டிக் கழுவி, செரியாது எஞ்சிய மயிரை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்க, இன்ன விலங்கின் மயிர் என்பது புலனாகிவிடும்.

பரல் எனப்படும் நீலவாடும், ஐபெக்ஸ் என்னும் வளைகொம்பு மலையாடுமே அதன் இயற்கையான பேரிரை. சங்கப் புலவர் பாடிய வருடையின் தூரத்து உறவினர் இவை எனலாம். ஆயின், அவ்வெச்சத்திலே செம்மறி, வெள்ளாடு, குதிரை, யாக்கின் கன்று ஆகியவற்றின் மயிரும் உண்டு. சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

பரலும் மந்தையும் உண்பது ஒரே புல்லை. மந்தை பெருகப் புல் அருகும். புல் அருகப் பரல் குறையும். சிறுத்தையின் இயற்கை உணவு சுருங்கும். பட்டிக்குட் புகுந்த சிறுத்தையோ, தப்ப வழியின்றித் துள்ளும் ஆடுகளை ஒரே இரவிற் பலவாகக் கொல்வதுண்டு. விடியலில் அக்காட்சியைக் காணும் இடையன் சினங்கொள்வதில் வியப்பென்ன? அவனது ஆண்டு முழுவதன் உழைப்பன்றோ அங்கே கிடக்கின்றது!

1998ஆம் ஆண்டிலே சாருதத் மிஸ்ரா முதலிய ஆராய்ச்சியாளர், கிப்பர் ஊராரோடு பேசி, மேய்ச்சல் நிலத்தின் ஒரு பகுதியைப் பரலுக்கென ஒதுக்குவித்தனர். ஊருக்கு ஈடாகப் பணம் வழங்கப்பட்டது. பரலும் பெருகிற்று. ஆனால், இரை பெருகினால் இழப்பு நீங்கிவிடும் என எண்ணுதல் தவறு. இரை பெருகுமிடத்துச் சிறுத்தையும் பெருகும். பட்டிக்கு வரும் ஆபத்தும் கூடக்கூடும். ஆகவேதான் 2002இல் கால்நடைக் காப்புறுதியும் தொடங்கப்பட்டது. பட்டிகளுக்கு உறுதியான சுவரும் வலைக்கூரையும் இன்றியமையாதன என்பதும் உணரப்பட்டது.

2024இல் வெளியான கணக்கெடுப்பு, இந்தியாவிலே 718 பனிச்சிறுத்தைகள் உள்ளன என மதிப்பிட்டது. அவற்றைக் காத்தல் உலகோர் அனைவர்க்கும் மகிழ்ச்சி தருவதே. ஆயின், சிறுத்தையின் உணவுக்கும் ஒரு விலை உண்டு. அவ்விலையை மலையுச்சியில் வாழும் ஏழை இடையன் ஒருவனே இறுக்க வேண்டுமென்பது நீதியாகாது.