பழைய டிஸ்க்கை எப்போது அழிக்கலாம்?

கருந்துளையின் முதல் படத்தை உலகம் பார்த்தது 2019 ஏப்ரல் 10 அன்று. அதற்கான கண்காணிப்பு நடந்ததோ 2017 ஏப்ரலில். ஹவாய், அரிசோனா, மெக்ஸிகோ, சிலி, ஸ்பெயின், தென்துருவம் என 6 இடங்களில் இருந்த 8 தொலைநோக்கிகள் சுமார் 5 பெட்டாபைட், அதாவது 5,000 டெராபைட் தரவைப் பதிவு செய்தன. அவ்வளவையும் இணையத்தில் அனுப்ப யாரும் முயலவில்லை. அரை டன் ஹார்ட் டிஸ்க்குகளை விமானத்தில் ஏற்றி, அமெரிக்காவின் ஹேஸ்டாக் ஆய்வகத்துக்கும் ஜெர்மனியின் பான் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்துக்கும் கொண்டுபோனார்கள். தென்துருவத்து டிஸ்க்குகள் மட்டும் டிசம்பரில்தான் வந்து சேர்ந்தன. அங்கே குளிர்காலம் முடியும்வரை விமானம் கிடையாது.

ஏன் இந்தப் பாடு? கணக்குப் போட்டால் புரியும். 1 கிகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் நொடிக்கு 125 மெகாபைட் போகும். அந்த வேகத்தில் 100 டெராபைட்டை அனுப்ப 9 நாளுக்கு மேல் ஆகும். 5 பெட்டாபைட் என்றால் ஒன்றேகால் வருடம்.

விஞ்ஞானிகளின் டிஸ்க்கில் இருந்தவை பெரிய பெரிய பதிவுகள். ஒரு பல்கலைக்கழகத்தின் அல்லது பெரிய நிறுவனத்தின் சர்வரைப் புதிய ஸ்டோரேஜுக்கு மாற்றுகிறவர்களுக்கு வேறு தலைவலி. அங்கே 100 டெராபைட் என்பது பத்துக் கோடிச் சின்னச்சின்னக் கோப்புகளாக இருக்கலாம்.

எடையா, எண்ணிக்கையா?

ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சடங்கு உண்டு. பழைய இடத்தில் பெயரைத் தேடித் திறக்க வேண்டும். புதிய இடத்தில் அதே பெயரை உருவாக்க வேண்டும். உள்ளடக்கத்தை எழுதி, உரிமையாளர் யார், யாருக்கெல்லாம் அனுமதி, கடைசியாகத் திருத்திய தேதி எது என்பதையும் பதிந்து மூட வேண்டும். கோப்பு ஒரு பக்கக் கடிதமானாலும் ஒரு முழு சினிமாவானாலும் இந்தச் சடங்கில் குறைவில்லை. இதற்குக் கோப்புக்கு 5 மில்லிநொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்துக் கோடிக் கோப்புக்கு 5 லட்சம் நொடி, கிட்டத்தட்ட 6 நாள். நெல்லை மூட்டையாகத் தூக்குவதற்கும் ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி எடுத்துப்போவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

மூட்டையாகவே தூக்கவும் வழி இருக்கிறது. கோப்புகளைப் பற்றிக் கவலைப்படாமல், டிஸ்க்கின் முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம்வரை அப்படியே பிரதி எடுத்துவிடலாம். ஆனால் பழைய அமைப்பில் இருந்த கோளாறுகளும் வரம்புகளும் கூடவே வந்துவிடும். அதனால் பெரும்பாலும் கோப்புக் கோப்பாகத்தான் எடுக்கிறார்கள். ஒன்றன்பின் ஒன்றாக அல்லாமல் எட்டு, பதினாறு வரிசைகளை ஒரே நேரத்தில் ஓடவிடுகிறார்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்

பத்து நாள் நகலெடுப்புக்காக அலுவலகத்தைப் பத்து நாள் பூட்ட முடியாது. எனவே வேலை நடக்கும்போதே முதல் சுற்று நடக்கிறது. அது முடிவதற்குள் பல கோப்புகள் மாறியிருக்கும். அந்த மாற்றங்களை மட்டும் எடுக்க இரண்டாம் சுற்று, அதன்பின் இன்னும் சிறிய மூன்றாம் சுற்று. கடைசியில் ஒரு வார இறுதியில் எல்லோரையும் வெளியேறச் சொல்லி, இறுதிச் சுற்றை ஓட்டி, சர்வரின் பெயரைப் புதிய இடத்துக்குத் திருப்பிவிடுவார்கள்.

இந்த வேலைக்குப் பெயர்போன கருவி ஆர்சிங்க். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் 1996-ல் உருவாக்கியது. இரு பக்கமும் கோப்பின் அளவும் தேதியும் ஒன்றாக இருந்தால் அதைத் தொடாமல் கடந்துபோய்விடும். ஆனால் மாறியது பத்தே கோப்பு என்றாலும், அதைக் கண்டுபிடிக்கப் பத்துக் கோடியையும் எட்டிப்பார்த்தாக வேண்டும். அந்த இறுதிச் சுற்றுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை முன்கூட்டியே அளந்து வைக்காதவர்கள், திங்கட்கிழமை காலை ஊழியர்கள் வந்து நிற்கும்போது கையைப் பிசைய நேரிடும்.

கண்ணில் படாமல் நழுவுகிறவையும் உண்டு. ஒரே உள்ளடக்கத்துக்கு இரண்டு பெயர் வைக்கும் ஹார்டு லிங்க்குகளைக் கவனிக்காவிட்டால் அது இரண்டு கோப்பாகப் பெருகிவிடும். 80 டெராபைட் இருந்த இடத்தில் 100 டெராபைட் வந்து நின்றாலும் வியப்பில்லை. தமிழில் பெயர் வைத்த கோப்புகளுக்கென்று தனிச் சிக்கலே இருக்கிறது. யூனிகோடில் ‘கொ’ என்பதன் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகவும் எழுதலாம், தனித்தனியாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு அமைப்பு அதைப் பிரித்தே வைத்தது. அங்கிருந்து லினக்ஸ் சர்வருக்கு வந்தால், கண்ணுக்கு ஒரே பெயராகத் தெரியும் இரண்டு கோப்புகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

ஒத்துப்பார்த்தல்

அளவும் தேதியும் பொருந்துவதால் உள்ளடக்கமும் பொருந்துகிறது என்று சொல்லிவிட முடியாது. வழியில் ஒரு பிட் புரண்டிருந்தாலும் கோப்பின் அளவு மாறாது. அதைப் பிடிக்க செக்சம் வேண்டும். கோப்பு முழுவதையும் படித்து, அதிலிருந்து கணித்தெடுக்கும் குறுகிய எண் அது. ஒரு பிட் மாறினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும். இதற்காக இரண்டு பக்கத்தையும் இன்னொரு முறை முழுசாகப் படித்தாக வேண்டும் என்பதால், நாள் நெருக்கும்போது முதலில் கைவிடப்படுவது இந்தப் படிதான்.

விட்டால் என்ன ஆகும்? இரண்டு டிஸ்க்குகளுக்கு இடையே கணினி எதையும் நகர்த்துவதில்லை. நகல் எடுக்கிறது, பிறகு மூலத்தை அழிக்கிறது. நகல் கெட்டிருந்தால், மூலம் இருக்கும்வரை பாதகமில்லை. ஆபத்து முழுவதும் இரண்டாவது செயலில்தான் இருக்கிறது.

மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் 2019-ல் அதைக் காட்டியது. சர்வர் மாற்றத்தின்போது, 12 வருடங்களாக மக்கள் ஏற்றி வைத்த பாடல்கள் போய்விட்டன. 5 கோடிக்கு மேற்பட்ட பாடல்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. ஆய்வுக்காக யாரோ முன்பே இறக்கி வைத்திருந்ததால் சுமார் 4 லட்சத்து 90 ஆயிரம் பாடல்கள் மட்டும் பின்னர் இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடைத்தன.

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில் நடந்ததில் இடமாற்றம் இல்லை, அழிப்பு மட்டுமே. சூப்பர் கம்ப்யூட்டரின் பேக்கப் நிரலில் 10 நாளுக்கு மேற்பட்ட லாக் கோப்புகளை நீக்கும் வரி ஒன்று இருந்தது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் புதிய பதிப்பை எழுதிவிட்டார்கள். நிரலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து இயக்கும் பேஷ், புதிய பதிப்பைப் பாதியிலிருந்து படிக்கத் தொடங்கியது. லாக் கோப்புறை எது என்று சொல்லும் வரி, அது படிக்கத் தொடங்கிய இடத்துக்கு முன்பே இருந்தது. அதனால் எந்தக் கோப்புறை என்று தெரியாமல் நீக்கும் வரி, ஆராய்ச்சிக் கோப்புகளின் மேல் பாய்ந்தது. சுமார் 77 டெராபைட், 3 கோடியே 40 லட்சம் கோப்புகள் அழிந்தன. பாதிக்கப்பட்ட 14 குழுக்களில் 4 குழுக்களின் தரவை பேக்கப்பிலிருந்தும் மீட்க முடியவில்லை.

அதனால்தான் அனுபவசாலிகள் புதிய ஸ்டோரேஜ் ஓடத் தொடங்கியதும் பழையதைக் கழற்றுவதில்லை. படிக்க மட்டும் முடியும்படி பூட்டி, மாதக் கணக்கு, காலாண்டுக் கணக்கு முடியும்வரை வைத்திருப்பார்கள். அபூர்வமாகத் தேவைப்படும் கோப்பை அப்போதுதான் யாராவது கேட்பார்கள். புதிய இடத்துக்கும் பேக்கப் எடுத்து, அதிலிருந்து சில கோப்புகளை மீட்டுத் திறந்து பார்த்த பிறகே பழையதில் கை வைப்பார்கள்.

மொபைல் படங்களை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றும்போதும் இதே வரிசைதான். ‘கட்’ வேண்டாம், ‘காப்பி’ போதும். எண்ணிக்கை சரியா என்று பாருங்கள். நடுவிலும் கடைசியிலும் இருக்கும் சில வீடியோக்களை ஓட்டிப் பாருங்கள். இன்னொரு டிஸ்க்கில் இரண்டாவது நகல் வையுங்கள். மொபைலில் இடம் நெருக்குகிறது என்பது மட்டுமே அழிப்பதற்குக் காரணமாக இருந்தால், இன்னும் அழிக்கும் நேரம் வரவில்லை.